மூணு மாசம் முடியட்டும்னு காத்திருக்கலாமா?



முழுகாமல் இருப்பது தெரிந்த பிறகு, எத்தனை நாளில் நர்ஸம்மாவிடம் பதிவு செய்கிறோம்? போடி, குரங்கணி, கொட்டகுடி பக்கம் குழுக் கூட்டங்களில் இதைக் கேட்டால், "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வாரத்துக்குள் பதிவு செய்யணும் என்கிறார்கள். அந்த 12 வாரத்தைக் கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்படியென்றால், நாள் தள்ளிப்போவது தெரியும்போதே 4 வாரம் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது 8 வாரம்தான். அதன் பிறகும் மூணு மாசம் பொறுத்தால் கெடு தாண்டிவிடும்.

ஏன் தள்ளிப்போகிறது?

* "வெளியே தெரிஞ்சா கண்ணு பட்டுரும், கரு தங்கட்டும்" என்ற பயம்.
* "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு." விடிகாலை ஜீப் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். பழம் எடுக்கும் சீசனில் இன்னும் கஷ்டம்.
* "ரெண்டாவது பிள்ளைதானே, எனக்குத் தெரியாததா?" என்ற தைரியம்.
* பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால், கர்ப்பமே தெரியாமல் போவது.
* மாமியாரும் வீட்டுக்காரரும் சொன்னால்தான் கிளம்ப முடியும் என்ற நிலை.

சீக்கிரம் போனால் என்ன லாபம்?

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது முதல் சில வாரங்களில்தான். அதற்கு உதவுவது போலிக் அமில மாத்திரை. மூணு மாசம் கழித்துப் போனால் அந்தப் பலன் கிடைக்காது. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இருந்தாலும் முதலிலேயே தெரிந்துவிடும். சரிசெய்ய நேரம் இருக்கும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் இடத்தில் நிற்கக்கூடாது என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் இரண்டு பிரசவத்துக்கு இந்த உதவி உண்டு. அதற்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்கணும். ஒரு நாள் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனதும், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. ரகசியமாக வைத்திருக்கச் சொன்னால் வைத்திருப்பார். தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் அங்குள்ள அரசு சுகாதார நிலையத்திலும் காட்டலாம். தாய் சேய் நல அட்டை எப்போதும் கையோடு இருக்கணும். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

குழுவுக்கும் வேலை உண்டு. கர்ப்பிணி உறுப்பினருக்கு வண்டிச் சத்தத்துக்குச் சேமிப்பிலிருந்து சிறுகடன் கொடுக்கத் தீர்மானம் போடலாம். துணைக்கு ஒருவர் போகலாம். மாமியார்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்களே! "வா தாயி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதித் தடை விலகிவிடும்.

அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுவோமா?