தடுப்புப் பெப்டைடு எதை நிறுவுகிறது?

மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவை அடையாளம் காட்டும் ஐபா1 புரதத்துக்குரிய எதிர்ப்பொருளின் நம்பகத்தன்மைக்கு, அதனுடன் விற்கப்படும் தடுப்புப் பெப்டைடு போதிய சான்றாகுமா என்னும் ஐயமே, ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில் வரும் வாசகர் கடிதங்களில் மிகுந்து காணப்படுகிறது.

ஐபா1 என்பது 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்த, 147 அமினோ அமிலங்கள் கொண்ட, ஏறத்தாழ 17 கிலோடால்டன் எடையுள்ள புரதம். பரவலாகப் பயன்படும் எதிர்ப்பொருள்களுள் ஒன்று, இதன் இறுதி முனைத் துண்டைச் செயற்கையாக உருவாக்கி முயலுக்குச் செலுத்திப் பெறப்பட்டது. தடுப்புப் பெப்டைடு எனப்படுவது, எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட அதே துண்டுதான். அதை மிகையான அளவில் எதிர்ப்பொருளுடன் முன்கூட்டியே கலந்தால் பிணைப்பிடங்கள் நிரம்பிவிடுவதால், திசுவில் நிறமேற்றம் மறைகிறது. இம்மறைவையே விற்பனைக் குறிப்புகள் 'தனித்தன்மை உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதுகின்றன.

இந்தச் சொற்றொடரை அப்படியே ஏற்பதற்கில்லை. எதிர்ப்பொருள் தவறான வேறொரு புரதத்தைப் பற்றினாலும், அதே பிணைப்பிடத்தின் வழியாகவே பற்றுகிறது. அவ்விடத்தைப் பெப்டைடு அடைத்துவிட்டால் சரியான பிணைப்பும் தவறான பிணைப்பும் ஒருசேர மறையும். மேலும், முயலின் குருதிநீரிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும்போது, அதே பெப்டைடு பொதிந்த குழாயின் வழியே செலுத்தி, அதில் ஒட்டியவற்றை மட்டுமே சேகரிக்கும் வழக்கம் உண்டு. பெப்டைடில் ஒட்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை பெப்டைடால் தடுக்கப்படுவதில் புதிய செய்தி ஏதுமில்லை. பெப்டைடு கலந்த பின்னும் நிறம் எஞ்சினால், அது பெரும்பாலும் பிணைப்பிடத்துக்குத் தொடர்பற்ற ஒட்டுதல் அல்லது இரண்டாம் எதிர்ப்பொருளின் பிழை என்று அறியலாம். இச்சோதனையின் உண்மையான பயன் அதுவே. நரம்பியல் இதழொன்றின் ஆசிரியராக இருந்த கிளிஃபர்ட் சேப்பர், 2005இலேயே ஆய்வாளர்களுக்கு எழுதிய திறந்த மடலில் இத்தகைய சோதனையின் வரம்பைச் சுட்டிக்காட்டினார். ஐபா1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் திசுவில் நிறம் தோன்றாமையே வலுவான சான்று. அது கிட்டாதபோது, புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருள் அதே செல்களைக் காட்டுகிறதா என்று பார்ப்பது அடுத்த வழி.

இப்பெப்டைடு ஐபா1 புரதத்தின் செயலைத் தடுக்குமா? தடுக்காது, தடுக்கப்படுவது எதிர்ப்பொருள் மட்டுமே.

வேறு நிறுவனத்தின் பெப்டைடு உதவுமா? அந்த எதிர்ப்பொருள் பற்றும் துண்டு அதில் இருந்தால் மட்டுமே உதவும்.

குருதியிலிருந்து மூளைக்குள் புகுந்த மேக்ரோஃபேஜ்களை இச்சோதனை பிரித்துக் காட்டுமா? காட்டாது, அவையும் ஐபா1 புரதத்தை உற்பத்தி செய்வதால், டிமெம்119 போன்ற மற்றோர் அடையாளப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.