பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு சாயங்காலம்

சிலம்பத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பமும் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இடம் கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சியைத் தன்னிடம் வைத்திருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்குக் கம்பு புதிதல்ல. புதிதாக வந்திருப்பது சான்றிதழ் ஆசை. அந்த ஆசையை வைத்தே பிழைக்கும் வகுப்புகளும் இருக்கின்றன. கராத்தே, டேக்வாண்டோவிலும் இதே கதைதான்.

வரவேற்பறைச் சுவரையே முதலில் பார்க்கலாம். ஆணிப் பலகையிலும் மண்பானையிலும் பிள்ளைகளை நிறுத்தி, மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைத்து, பணம் கட்டி வாங்கிய ‘உலக சாதனை’ப் பட்டயங்கள் வரிசையாகத் தொங்கினால் யோசிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான் ஒதுக்கீட்டுக்கு உதவும். எந்தச் சங்கம் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சங்கத்தின் பெயர் பெரிதாக இருப்பது மட்டும் போதாது: இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே 2020இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் ரத்து செய்தது.

பெல்ட்டும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கொரு கட்டணம், ஏழு வயதில் பிளாக் பெல்ட் என்றால் அங்கே நடப்பது வியாபாரம். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்குக் கீழே ‘டான்’ எனும் பிளாக் பெல்ட் தகுதியைத் தருவதில்லை. ‘பூம்’ என்ற தனித் தகுதியைத்தான் தருகிறது.

காசு போனால் போகட்டும். உயிர்?

தைவானின் தைச்சுங் நகரில், 2021 ஏப்ரலில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஜூடோ வகுப்பில் 27 முறை தூக்கி எறியப்பட்டான். தலை வலிக்கிறது என்று அவன் சொல்லியும் வகுப்பு நிற்கவில்லை. உறவினர் ஒருவர் அங்கேயே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, சுமார் 70 நாள் கோமாவில் கிடந்து இறந்தான். பயிற்சியாளரிடம் உரிமமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு 9 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குருவைக் கேள்வி கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் கை கட்டி நிற்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அதனால்தான் இந்தச் சம்பவம் நமக்கு இவ்வளவு வலிக்கிறது.

ஆகவே, பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். நல்ல வாத்தியார் முதலில் காலடி வரிசையைப் பழக்குவார். கம்பு வீச்சு எட்டாத தூரத்தில் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்துவார். சிம்பு விட்ட கம்பை ஓரமாகப் போடச் சொல்வார். ஒரு பிள்ளைக்கு விரல் முட்டியில் அடி பட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, கையை வாங்கிப் பார்ப்பார். “இதெல்லாம் ஒரு அடியா, எந்திரிடா” என்று அதட்டுபவரிடம் பிள்ளையை விடக் கூடாது. கடலோரப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதை ஒழுக்கம் என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. அது வெப்ப மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது, தனி வகுப்புக்குத் தனியே அனுப்புங்கள் என்ற பேச்சு வந்தால் அன்றோடு நிறுத்திவிடலாம். 2021இல் சென்னையில் கராத்தே பயிற்சியாளர் ஒருவர் முன்னாள் மாணவியின் பாலியல் புகாரில் கைதானார். வகுப்புக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை திடீரென அடம்பிடித்தால் அதட்டாமல் காரணம் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்த பெரியவர்கள் அதைக் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அவர்கள் மீதே வழக்கு வரும்.