உங்களுக்குத் தெரியுமா? நாடாவாகக் கிழித்தால் போதாது!

காகிதம் கிழிக்கும் ஷ்ரெட்டருக்கு 1909-லேயே அமெரிக்காவில் அபட் அகஸ்டஸ் லோ காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது கடைக்கு வரவே இல்லை. 1935-இல் ஜெர்மனியின் அடால்ஃப் எஹிங்கர் செய்ததுதான் நிலைத்தது. மாவை நாடா நாடாவாக வெட்டும் சமையலறைக் கருவியைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம்!

நாடாவாக வெட்டுவதன் பலவீனம் 1979-இல் அம்பலமானது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள், அங்கே கிழித்துப் போட்டிருந்த ரகசியத் தாள்களைக் கீற்றுக் கீற்றாக எடுத்துப் பொருத்திப் படித்துவிட்டார்கள். அதோடு விடவில்லை, புத்தகங்களாகவும் அச்சடித்தார்கள்.

ஆகவே குறுக்கிலும் வெட்டும் வகையையே கேட்டு வாங்குங்கள். 'பி-4' தரம் என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆதார் நகலுக்கும் வங்கிக் கடிதத்துக்கும் அது தாராளம்.

வெட்டும் கத்திகளுக்கு எண்ணெய் விடுவதை நம்மில் பலர் மறந்தே போகிறோம். ஒரு தாளில் ஷ்ரெட்டர் எண்ணெயைக் கோலம் இழுப்பதுபோல் வளைத்து விட்டு, அந்தத் தாளையே உள்ளே செலுத்துங்கள். பிறகு சில நொடி ரிவர்ஸில் ஓட்டுங்கள். ஸ்ப்ரே டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வாயு மோட்டாரின் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிட்டதா? உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். பெரும்பாலும் மோட்டார் சூடாகியிருக்கும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சிக்கிய தாளை எடுப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.