மின்கட்டணம் கூடியது ஏன்?

புத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் பலரும் நினைவுகூர்வது எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டினையே. முறிந்த இடம் எதுவென அறிந்த பின்னரே கட்டுப் போடுவர். ஆனால், மின்கட்டணம் கூடும்போது மட்டும் மக்கள் இம்முறையை மறந்துவிடுகின்றனர். சிலர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பர். சிலர் விளக்கை அணைக்கவில்லை எனப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வர். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்திற்கு 2.7 யூனிட்டே செலவாகும். ஆகவே, பிள்ளைகள் மீது பழி சுமத்துவது பெரும்பாலும் பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்து புத்தூருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்குக் குழப்பம் மின்கட்டணப் பட்டியலிலேயே தொடங்குகிறது. அப்பட்டியலில் தமிழ் இராது. தெலுங்கு எழுத்தைப் பள்ளியில் கற்ற பிள்ளைகளே பெற்றோருக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பர். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. புத்தூரிலோ மாதந்தோறும் கணக்கெடுப்பர். இங்கு மின்சாரம் வழங்குவது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் பகிர்மான நிறுவனம்.

அம்மாநிலத்தின் 2022-23 ஆம் ஆண்டுக் கட்டண ஆணையின்படி, வீடுகளுக்கு முதல் 30 யூனிட் வரை யூனிட்டுக்கு 1.90 ரூபாய், அடுத்து 75 வரை 3 ரூபாய், 125 வரை 4.50 ரூபாய், 225 வரை 6 ரூபாய், 400 வரை 8.75 ரூபாய்; அதற்கு மேல் 9.75 ரூபாய். 125 யூனிட் செலவிட்ட வீட்டிற்கு மின்சாரத்தின் விலை 417 ரூபாய். அதே வீடு கோடையில் 250 யூனிட் செலவிட்டால் விலை 1,235.75 ரூபாய். செலவு இரு மடங்கு. கட்டணமோ ஏறத்தாழ மூன்று மடங்கு. பலர் மீட்டரை ஐயுறுவதற்கு இப்படிக்கட்டு முறையே காரணம். ஆதலால் முதலில் பார்க்க வேண்டியது ரூபாயை அன்று, யூனிட்டை. சென்ற ஆண்டின் அதே மாதப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கணக்கெடுத்த இரு தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்றும் எண்ண வேண்டும்.

யூனிட் உண்மையாகவே கூடியிருந்தால் தேடல் வீட்டிற்குள் தொடங்கும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். 2000 வாட் கீசர் நாளுக்கு அரை மணி நேரம் இயங்கினால் மாதத்திற்கு 30 யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி ஒன்று நாளுக்கு இருபது மணி நேரம் சுழன்றால் 45 யூனிட். வெயில் மிகுந்த புத்தூரில் கோடைக்காலத்தில் எந்த வீட்டிலும் விசிறி ஓய்வதில்லை. மூன்று விசிறிகள் சேர்ந்து சத்தமின்றி 135 யூனிட்டை உண்டுவிடும். குளிரூட்டியின் செலவைச் சொல்லவே வேண்டா. குளிர்பதனப் பெட்டியின் கதவு ஓரத்திலுள்ள ரப்பர் தளர்ந்தால், அதன் கம்ப்ரசர் ஓயாது ஓடும். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்வளவு பார்த்தும் கணக்கு ஒத்துவராவிடில் மீட்டரையே சான்றாகக் கொள்ளலாம். மீட்டரின் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டும். பல மீட்டர்களில் அது 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். அவ்வெண் மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் அணைத்து, செருகிகளையும் பிடுங்கிவிட வேண்டும். இன்வெர்ட்டரை மறந்துவிடலாகாது. அதன் பின்னும் பதினொரு நொடிக்கு ஒருமுறை விளக்கு சிமிட்டினால், ஏறத்தாழ 100 வாட் எங்கோ செலவாகிறது என்று பொருள். யாருக்கும் பயன்படாத அந்த 100 வாட் ஒரு மாதத்தில் 72 யூனிட் ஆகும். 6 ரூபாய்ப் படியில் அதன் விலை 432 ரூபாய்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மின்சாரம் ஃபேஸ் கம்பி வழியே வீட்டிற்குள் வந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்பும். இன்றைய மின்னணு மீட்டர்கள் பல, மின் திருட்டைத் தடுப்பதற்காக இரு கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது மிகுதியோ அதையே கணக்கில் கொள்ளும். பழுதுபார்க்கும்போது அடுத்த வீட்டின் நியூட்ரல் கம்பி தவறுதலாக இவ்வீட்டுக் கம்பியுடன் இணைக்கப்பட்டால், அவ்வீட்டின் மின்னோட்டம் இவ்வீட்டு மீட்டரின் வழியே திரும்பும். அடுத்த வீட்டார் குளிரூட்டியை இயக்க, இவ்வீட்டு யூனிட்டும் ஏறும். இருவரிடமும் குற்றமில்லை, ஆயினும் அண்டை வீட்டாரிடையே மனக்கசப்பு வளர்வதுண்டு. தன் வீட்டில் அனைத்தையும் அணைத்த பின்னர், அடுத்த வீட்டாரையும் சிறிது நேரம் அணைக்கச் சொல்லி விளக்கைப் பார்த்தால் உண்மை புலப்படும். கம்பியைப் பிரித்துச் சரிசெய்வது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. பிள்ளைகள் விளக்கை எண்ணலாம், கம்பியைத் தொடக்கூடாது.

பொது மீட்டரின் கட்டணத்தை எல்லா வீட்டாரும் பகிர்ந்து செலுத்துவர். அது கூடினால் மாடியில் உள்ள நீர்த்தொட்டியைப் பார்க்க வேண்டும். தொட்டி கசிந்தால் நீரேற்றும் மோட்டார் நாளுக்கு இருமுறைக்குப் பதில் நான்கு முறை ஓடும்.

இவை எதிலும் காரணம் அகப்படாதபோதே மீட்டரை ஐயுறுதல் முறையாகும். 1912 என்னும் எண்ணில் முறையிடலாம். மீட்டரைச் சோதிக்குமாறு மின் அலுவலகத்தில் விண்ணப்பமும் தரலாம். பழைய மீட்டரின் அருகே வேறொரு மீட்டரைப் பொருத்திச் சில நாள்களுக்குப் பின் இரண்டின் அளவையும் ஒப்பிடுவது சோதனை முறைகளுள் ஒன்று. விண்ணப்பத்தோடு, நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவைத்த மீட்டர் அளவுகளையும் இணைத்தால், எந்த நாளில் செலவு கூடத் தொடங்கியது என்பதை அலுவலர் எளிதில் காண்பார்.