ஈய நஞ்சிலிருந்து வீட்டையும் தோட்டத்தையும் காத்தல்

புத்தளம் களப்பின் கரையோரத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வாழும் கமக்காரர் சிலர், மரக்கறிச் செய்கையோடு மீன்பிடியையும் நடத்துகின்றனர். ஆகவே வெங்காயப் பாத்தியும் வலை கட்டும் முற்றமும் ஒரே வளவுக்குள் அமைவதுண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயமணி, உழவு இயந்திரத்தின் பழைய பற்றரி, உரிந்து விழும் பழைய நிறப்பூச்சு ஆகியன வீட்டுக்குள் ஈயம் நுழையும் வழிகளாகும். ஈயம் என இங்கு கூறுவது காரீயத்தையே. பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகமாகும்.

உடலிற் புகும் விதம்

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். வீட்டு அடுப்பிலேயே உருக்க முடிவதால் அதனை அபாயமற்றதெனக் கருதலாகாது. உருக்கும்போது எழும் புகையும், மேலே திரளும் கசடும், அராவும்போது சிந்தும் தூளும் நஞ்சாகும். மண்ணில் விழுந்த ஈயம் உக்கி அழிவதில்லை; மேல்மண்ணிற் பல்லாண்டு தங்கும். தவழும் குழந்தை மண் படிந்த கையை வாயில் வைக்கும்போது அது உட்செல்கின்றது. உட்கொண்ட ஈயத்தில், பெரியோரின் உடல் உறிஞ்சுவதைப் போல் 4 முதல் 5 மடங்கு வரையான பங்கைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும்.

விளைவுகள்

குழந்தைகளில் மூளை வளர்ச்சி தடைப்பட்டு, கற்கும் ஆற்றலும் கவனமும் குறையும். இரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் என்பனவும் தோன்றலாம். அளவு மிகுந்தால் வாந்தி, வலிப்பு, மரணம் நேரும். சிறிய அளவில் வெளிக்குறி எதுவும் தெரியாது. பிள்ளை படிப்பில் மந்தம் எனப் பெற்றோர் கடிந்துகொள்ளும்போது, குற்றம் முற்றத்து மண்ணில் இருக்கவுங்கூடும்.

பெரியோரில் இரத்த அழுத்தம் உயரும். சிறுநீரகமும் நரம்புகளும் கெடும். ஈயம் எலும்பிற் பல்லாண்டு சேர்ந்திருந்து, கர்ப்ப காலத்தில் இரத்தத்திற் கலந்து சிசுவைச் சேரும். கருச்சிதைவும் நிறை குறைந்த பிறப்பும் ஏற்படலாம். தீங்கற்றது எனக் கொள்ளத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

ஒரு கடற்கரை ஊரின் அனுபவம்

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் தியரோய் சுர் மேர் என்பது ஒரு கடலோர ஊர். அங்கு பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்து, வலைக்குரிய பாரங்களை வார்த்து வந்தனர். ஈயத்தின் விலை ஏறியபோது, ஈயம் கலந்த மண்ணையே அள்ளிச் சலித்து விற்றனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர். இறந்தோரின் உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் பரிசோதித்தபோது, அவர்களின் இரத்தத்திலும் மிகுதியான ஈயம் காணப்பட்டது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. நிறப்பூச்சிலுள்ள ஈயத்துக்கு 2013 முதல் சட்ட எல்லை உண்டு. எனினும் அதற்கு முன் பூசிய கதவுகளும் தோணிகளும் கவனத்துக்குரியவை.

கைக்கொள்ள வேண்டியவை

1. வீட்டிலோ சமையல் அடுப்பிலோ ஈயத்தை உருக்கலாகாது. வார்த்த மணிகளையே வாங்குக. மணிகளைப் பல்லாற் கடித்து இறுக்கும் வழக்கத்தை விடுக.
2. பழைய பற்றரியை உடைக்காது, முழுதாகவே விற்பனையாளரிடம் ஒப்படைக்க. அதன் நீரை வயலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.
3. பழைய பூச்சை உலர்ந்தபடி சுரண்டாது, நனைத்தபின் அகற்றுக. தரையை ஈரத்துணியால் துடைக்க.
4. ஈயவேலை செய்த உடையைப் புறம்பாகத் துவைக்க. கை கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குக.
5. முன்னர் ஈயம் உருக்கிய இடத்திற் கீரையும் கிழங்கும் பயிரிட வேண்டாம். அவ்விடத்துக்கு அருகிலுள்ள பாத்திகளுக்குக் கூட்டெரு மிகுதியாக இடுக. அது பயிர் ஈயத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும். கீரையை நன்கு கழுவியும் கிழங்கைத் தோல் சீவியும் சமைக்க.
6. நெத்தலி, முருங்கைக்கீரை, பால் முதலியவற்றைக் குழந்தைக்குக் கொடுக்க. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் போதியளவு உள்ள உடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

ஐயம் இருப்பின் அரசினர் வைத்தியசாலை வைத்தியரிடம் விபரத்தைக் கூறி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டறிக. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ காணப்பட்டால், ஈயம் வரும் வழியைக் கண்டு அடைத்தல் வேண்டும். கடுமையான நிலைக்கு மருந்து உண்டு. ஆயினும் மூளைக்கு நேர்ந்த கேட்டை அது மாற்றாது. ஆதலால் வருமுன் காப்பதே சாலச் சிறந்தது.