வழியில் வான் நின்றால்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஊரில் விட்டு வந்த காணியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது போய்ப் பார்த்து வருகின்ற கமக்காரக் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இரவு பஸ் இருக்கின்றது. யாழ்தேவியும் 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை சென்றது. ஆயினும் வயதான தாய், பிள்ளைகள், நீர் இறைக்கும் மிசின், விதை மூடை, கட்டில் என்று எல்லாம் சேரும்போது, இரண்டு மூன்று குடும்பங்கள் காசு போட்டு ஒரு வான் பிடிப்பதே வழக்கம். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்த வான் நடுவழியில் நின்றால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

மேல்நாடுகளில் கட்டில், அடுப்பு எல்லாம் பூட்டிய வாகனங்களில் மாதக்கணக்காக ஊர் சுற்றுவோர் உண்டு. எங்கள் மக்கள் கட்டிலையும் அடுப்பையும் ஏற்றியது வேறு காரணத்துக்காக. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தவர்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாக இருந்தது. பொருளாதாரத் தடை இருந்த அந்த ஆண்டுகளில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்து மிசினும் இப்படித்தானே வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் அதைத் தாங்கிக்கொண்டது.

அந்தக் கைப்பழக்கத்தினால் எங்களிடம் ஒரு துணிவு இருக்கிறது: "எதையும் கட்டிப் பிடித்து ஓட்டலாம்." நல்ல துணிவுதான். ஆனால் எந்த எஞ்சினில் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய டொல்பின் வானின் டீசல் எஞ்சின் உங்கள் உழவு இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு. பின்னர் வந்த கே.டி.எச். வான்களோ கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின் கொண்டவை. அவற்றின் டீசல் குழாய்களில் ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. ஓடும் எஞ்சினில் அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலையே துளைத்து உள்ளே போகும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் ஆகாது. டீசலின் பசைத்தன்மையே அந்தப் பம்பைத் தேயாமல் காக்கிறது.

வழியில் வரும் பழுதுகளில் அதிகம் செலவு வைப்பது சூடுதான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பெல்ற், அல்லது ஒரு இறப்பர்க் குழாய். சொற்பக் காசுப் பொருள். அது போன பின்னும் "அடுத்த ரவுண் மட்டும் போவம்" என்று ஓட்டினால், எஞ்சினின் மேற்பாகம் வளைந்து, இடையில் உள்ள கஸ்கற் எரிந்து, தண்ணீரும் ஒயிலும் கலந்துவிடும். ஒயில் பால்விட்ட தேநீர் நிறத்தில் வந்தால் அதுதான் அடையாளம். அப்போது வானை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. ஒரு போகத்து வருமானம் அதில் போகலாம்.

ஆகவே சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஏசியை நிறுத்தி, வானை ஓரம் கட்டுங்கள். அதே நேரத்தில் பற்றரி அடையாளமுள்ள சிவப்பு விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் பெல்ற் அறுந்திருக்கும். டொல்பின் போன்ற வான்களில் தண்ணீர்ப் பம்பையும் பற்றரிக்கு மின் ஏற்றும் டைனமோவையும் சுற்றுவது பெல்ற்றுதான். விளக்கு எரியாமல் முள் மட்டும் ஏறினால் குழாய், றேடியேற்றர், தேர்மோஸ்ராற் என்று தேடலாம்.

றேடியேற்றர் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்திலேயே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணித்தியாலம் பொறுங்கள். மேல் குழாயைக் கையால் பிடிக்க முடிகின்றதா, அமுக்கினால் மெதுவாக இருக்கின்றதா என்று பார்த்த பின், தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் இரும்பு வெடிக்கக் கூடும். ஆறிய பின் சிறிது சிறிதாக விட வேண்டும்.

குழாய் வெடித்திருந்தால், தோட்டத்தில் நீர்க் குழாய்க்குச் செய்வதையே இங்கும் செய்யலாம். துடைத்துக் காயவிட்டு, சைக்கிள் ரியூப் கீலத்தை வெடிப்புக்கு இரண்டு அங்குலம் முன்னாலிருந்து இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். மூடியை முதல் படியில் மட்டும் மாட்டினால் அழுத்தம் ஏறாது. பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்து, மெதுவாகக் கராஜ் வரை போகலாம். யாழ்ப்பாணம் வரை போக முயல வேண்டாம்.

எஞ்சின் இழுத்து இழுத்து நின்றால் டீசலில் எயர் பிடித்திருக்கலாம், அல்லது பில்ரர் அடைத்திருக்கலாம். பழைய வானில் பில்ரருக்கு மேலே உள்ள கைப்பம்பைக் கடினமாகும் வரை அமுக்கினால் எயர் விலகும். பில்ரரின் அடித் திருகைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீர் வெளியேறும். உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பிறேக் மிதி மெதுவாகிக் கீழே போனால், அதற்கு வழியோர வைத்தியம் எதுவும் கிடையாது. வேறு வாகனம் பிடிக்க வேண்டும்.

ரயரைப் பற்றி ஒரு விடயம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ இருந்தாலும் இறப்பர் பழசாகிவிடும். காற்றுக் குறைந்த ரயர், கூரையில் மூடைப் பாரம், நண்பகல் வெயில் மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும். வெடித்தால் சாரதி பிறேக்கை அழுத்தாமல், ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். சில்லு மாற்றும்போது நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின்பே ஜக்கை உயர்த்துங்கள். மணல் ஓரத்தில் ஜக்குக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வேண்டும். பின்னால் குழை முறித்துப் போடுவது நல்ல பழக்கம். ஆனால் சில்லுக்கு வைத்த கல்லை அப்படியே விட்டுப் போகிறார்களே, இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவனை நினைப்பதில்லை!

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் கருவலகஸ்வெவ, நொச்சியாகமப் பக்கங்களில் இரவில் யானை வீதிக்கு வரும். அங்கே நின்றால் எல்லோரும் வானுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம் பல ஆண்டுகள் போர் முன்னரங்காக இருந்த இடம். கண்ணிவெடி அகற்றும் வேலை அங்கு நெடுங்காலம் நடந்தது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்டால், மறைவுக்காகக்கூட வீதி ஓரத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும்போதே சொல்லி வையுங்கள். காயம், சுகவீனம் என்றால் 1990 இலவச அம்புலன்ஸ், பொலிசுக்கு 119.

முறிகண்டியில் எப்படியும் எல்லா வாகனங்களும் நிற்கும். கச்சான் வாங்கும் நேரத்தில் ஒருவர் நான்கு ரயரையும் தொட்டுப் பார்த்து, கீழே ஏதாவது ஒழுகுகின்றதா என்று குனிந்து பார்க்கலாம். புத்தளத்திலும் வவுனியாவிலும் தேநீருக்கு நிற்கும்போதும் இப்படிச் செய்தால் பல பழுதுகள் பெருகுமுன் தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குப் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகள் தூரமில்லை. வான் உரிமையாளரிடம் எஞ்சின் வகையைக் கேட்டு, ஒரு பெல்ற்றும் மேல் குழாயும் முதல் நாளே வாங்கி வைக்கலாம். பயன்படாவிட்டால் அவரே அதை எடுத்துக்கொண்டு காசைத் தரச் சம்மதிப்பார். பத்து லீற்றர் தண்ணீர், ரோச் லைற், சைக்கிள் ரியூப், கம்பி ஆகியவையும் இருக்கட்டும். மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சாரதி பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடியவரா என்பதையும் விசாரியுங்கள்.

வாடகை பேசும்போது எங்கள் ஆட்கள் காசை மட்டும் பேசி விடுகிறார்கள். வான் வழியில் நின்றால் பழுதுச் செலவு யாருடையது, மாற்று வாகனம் யார் பிடிப்பது, ஓடிய தூரத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.