கயிறும் மருந்தும்

1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதியன்று சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாக அமல் செய்யத் தேர்ந்துகொண்டது, தாம் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் வாழ்ந்து பழகிய சேலம் ஜில்லாவையே. இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் அந்த விசாலமான ஜில்லாவில் சேர்வராயன் மலையும் அடக்கம். கடையை மூடும் உத்தரவோடு காரியம் முடிந்துவிடாது என்பதை, திருச்செங்கோட்டுக்கு அருகே 1925இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, பின்னர் கல்கியைத் துணையாகக் கொண்டு ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்திய அவர் நன்கறிவார். ஆகையால், குடியில் கழிந்த மாலை வேளையை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்வியையும் சர்க்கார் கையிலெடுத்து, தேநீர்க் கடைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பஜனைகளுக்கும் ஊக்கமளித்தது. அதன் பலாபலன்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து அறிக்கையும் வெளியிட்டார்கள்.

தூரதிருஷ்டியோடு வகுக்கப்பட்ட அத்திட்டத்தில் இடம்பெறாதவன் ஒருவன் உண்டு: குடியை நிறுத்த வேண்டுமென்று மனப்பூர்வமாக விரும்பியும் நிறுத்த இயலாதவன். பல வருஷங்கள் இடைவிடாது குடித்தவனுக்கு மது திடீரென்று நின்றால், அன்றே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றி, கவனிப்பாரற்றுப் போனால் உயிருக்கே ஆபத்து விளையலாம். இது ஒழுக்கக் கேடன்று, சரீரத்திலும் மூளையிலும் வேரோடிய வியாதி என்ற ஞானம் அக்காலத்தில் உலகத்திலேயே பரவியிருக்கவில்லையாதலால், அதற்காக ராஜாஜியைக் குறை கூறுவது நியாயமாகாது.

சென்னையில் அந்த ஞானம் ஒரு குடும்பத்தின் துக்கத்திலிருந்து பிறந்தது. மத்திய நிதி மந்திரியாயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் டி.டி. ரங்கநாதன் குடிநோய்க்கு இரையாகி 1979இல் காலமானபோது, அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், தம் கணவருக்குத் தாய்நாட்டில் கிட்டாத சிகிச்சை பிறருக்காவது கிட்டட்டும் என்று துணிந்து, மறு வருஷமே அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அடையாற்றை அடுத்த இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதைச் சேர்ந்தது. நோயாளிக்கு மருந்து கொடுத்து நடுக்கத்தை நீக்குவது சில நாள் வேலை; அதன் பின்னரே மெய்யான சிகிச்சை ஆரம்பமாகிறது என்பதும், மனைவியும் தாயும் தனியே சிகிச்சைக்கு உரியவர்கள் என்பதும் அங்கே கொள்கையாக நிலைபெற்றன.

திட்டம் வகுப்போர் கூர்ந்து நோக்க வேண்டியது அம்மருத்துவமனையின் கட்டடத்தையன்று, அது கட்டடத்தை விட்டு வெளியேறிய விதத்தை. குடவாசலை அடுத்த மஞ்சக்குடி என்னும் கிராமத்தில் 1989இல் முகாம் சிகிச்சையை அவர்கள் தொடங்கினார்கள். உள்ளூர் அமைப்பொன்று இடமளிக்க, ஊர்ப் பெரியவர்கள் ஆட்களைக் கூட்டிவர, மருத்துவரும் ஆலோசகர்களும் அங்கேயே தங்கிப் பதினைந்து நாட்கள் சிகிச்சை செய்தார்கள். சென்னைக்கு வந்து ஒரு மாதம் படுத்திருந்தால் கூலி போய்விடும் என்று அஞ்சும் விவசாயத் தொழிலாளி, தன் ஊருக்குப் பக்கத்தில் பதினைந்து நாள் என்றால் இணங்குகிறான். அதைவிட முக்கியமான விசேஷம் வேறொன்று: அவன் குடியை விட்டது ஊரறிய நடந்த காரியமாகிவிடுவதால், முகாம் கலைந்த பின்பும் அவனைக் கவனித்துக்கொள்ள ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள்.

நம் சிகிச்சை மையங்களின் திட்ட அறிக்கைகளோ பெரும்பாலும் படுக்கைகளின் எண்ணிக்கையில் தொடங்கி, ஐந்து வருஷங்களில் அதை இரட்டிப்பாக்குவதில் முடிகின்றன. நோயாளி உள்ளே வரும் தேதிக்குப் பதிவேடு இருக்கிறது. வீடு திரும்பிய மூன்றாம் மாதத்தில் அவன் என்னவானான் என்பதற்குப் பதிவேடு அரிது. திரும்பக் குடிப்பவர்களில் பலர் சறுக்குவது அந்த ஆரம்ப மாதங்களிலேதான் என்பது இத்துறையில் இருப்போர் யாவரும் அறிந்ததே. ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து, அதாவது அவன் வீடு திரும்பும் நாளிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். ஆயினும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அதன் பிறகு மலையாளி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளில் நடக்க வேண்டியவனுக்கு, சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வருவது ஒரு நாள் கூலி. காப்பித் தோட்டத்தில் கூலி கைக்கு வரும் மாலைதான் அவனுக்குச் சோதனையான மாலை. ஆலோசகர் மலைக்கு வரும் நாள் அந்த நாளாக இருக்க வேண்டுமேயன்றி, அலுவலக நாட்காட்டிக்குச் சௌகரியமான நாளாக இருந்து பயனில்லை.

கடவுளையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் கோயிலில் மே மாதம் திருவிழா நடக்கும்போது மலையூர்கள் அனைத்தும் அங்கே திரள்கின்றன. ஊர்க்கவுண்டர்களையும் பெண்களையும் ஒருசேரச் சந்திக்க அதைவிட உகந்த சந்தர்ப்பம் எந்த மையத்துக்கும் வாய்க்காது. தமிழ்நாட்டில் பல கோயில்களில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ‘ஒரு வருஷத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறேன்’ என்று மணிக்கட்டைக் காட்டுபவனைக் கூட்டாளிகளும் வற்புறுத்துவதில்லை. அறிவாளிகள் இதைப் பார்த்து நகைப்பதுண்டு. எனக்கோ, எந்த ஆலோசகராலும் எளிதில் கட்ட முடியாத சமூக அரண் ஒன்று சில காசுக்குக் கிடைப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் கயிறு கட்டிய இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தால் சாமியோடு மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும். கயிற்றின் கெடு முடியும் தேதியும் மையத்தின் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும். மனநோயாளிகள் தர்காவை நாடி வந்து தங்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீக்கிரையான கொடுமைக்குப் பின்னர், தர்காவின் பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே மருத்துவ சிகிச்சையும் கிடைக்குமாறு அரசு ஏற்பாடு செய்தது. நம்பிக்கையைத் துரத்தாமல் அதன் அருகில் மருத்துவரை அமர்த்துவது நடைமுறைக்கு ஒவ்வாததன்று என்பதற்கு அது சான்று.

மனநோயும் குடியும் ஒரே உடம்பில் குடியிருக்கும்போது நேரும் அவதி வேறு. முதலில் குடியை நிறுத்திவிட்டு வா என்று ஒரு மருத்துவமனையும், முதலில் மனத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று மற்றொன்றும் திருப்பியனுப்பினால், மலையிலிருந்து இறங்கிய குடும்பம் மறுபடி இறங்காது. மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள்ளேயே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, அதன்பின் அவருக்கு வேண்டிய சிகிச்சையையும் சேவைகளையும் திட்டமிட வேண்டும் என்று அதன் 98ஆம் பிரிவு விதிக்கிறது.

இனி, பணம். மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி விற்பனை வரியைக் கொணர்ந்தார். வரி நிலைத்தது, மதுவிலக்கோ வந்தும் போயும் ஒழிந்து, 2003 முதல் சில்லறை மது விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் ஏகபோகமாயிற்று. இவ்விரட்டை வருமானத்தில் ஒரு சிறு பங்கையேனும், படுக்கைகளுக்கன்றி, சிகிச்சை முடிந்தவனை மாதந்தோறும் வீடு தேடிச் சென்று காணும் பணியாளருக்கான சம்பளத்துக்கும் அவர் மலையேறும் வாகனத்துக்கும் ஒதுக்குமாறு கேட்பது பேராசையாகாது. அப்பணியாளர் மலையூரிலேயே பிறந்த பெண்ணாக இருந்தால், மற்றவர்களிடம் வாய் திறக்காத மனைவிமார் அவளிடம் திறப்பார்கள். செவிலியர் பயிற்சிக்கு அத்தகைய பெண்களை இப்போதே தேர்ந்தனுப்பினால், மூன்று நான்கு வருஷங்களில் அவர்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள்.